அடைப்புக்குறிக்குள் ஒரு நாடு

அம்மா இறந்த பதினாறாம் நாள், பெரியண்ணை கனடாவிலிருந்து ஒரு பக்கம் அனுப்பினார். ஆங்கிலத்தில் பதினொரு வரி. அம்மாவின் கல்வெட்டில் கடைசிப் பக்கமாகப் போட வேண்டியது.

கல்வெட்டு என்று எங்கள் ஊரில் சொல்வது ஒரு சிறிய புத்தகத்தை. ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்ததும், வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டு, போகும்போது கையில் கொடுப்போம். முன்னட்டையில் இறந்தவரின் படம். உள்ளே தேவாரம், வாழ்க்கை வரலாறு, பிள்ளைகள் புலம்புவதாக யாராவது எழுதித் தரும் பாட்டுகள், பிறகு குடும்பப் பட்டியல். வாங்குகிறவர்கள் முதலில் புரட்டுவது பட்டியலைத்தான். யாருடைய பிள்ளை எந்த நாட்டில் என்று அடைப்புக்குறிக்குள் இருக்கும். பாட்டுகளை ஒருவர் முழுதாக வாசித்து நான் கண்டதில்லை.

ஆங்கிலப் பக்கம் பின்னர் வந்த வழக்கம். கனடாவிலும் லண்டனிலும் உள்ள பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அவர்களுக்கும் அம்மம்மாவைப் பற்றி ஏதாவது இருக்க வேண்டும் என்று அக்கா லண்டனிலிருந்து கேட்டார். எழுதித் தருகிறேன் என்று பெரியண்ணை ஒப்புக்கொண்டார். அவர் செத்தவீட்டுக்கு வந்து, லீவு முடிந்து, பன்னிரண்டாம் நாளே திரும்பிப் போயிருந்தார். படம் தெரிந்தெடுப்பது, வரலாறு எழுதுவது, பட்டியல் தயாரிப்பது, சுன்னாகத்து அச்சகத்தில் கொண்டுபோய்க் கொடுப்பது எல்லாம் எனக்கு. நான்தான் அப்பாவோடு வீட்டில் இருப்பவள். அதோடு பட்டியல் போடுவது எனக்கு வரும். ஓர் ஆஸ்பத்திரியின் ஆய்வுகூடத்தில் இரத்தமும் சிறுநீரும் சோதிக்கிற வேலை. நாள் முழுவதும் பட்டியல்தான்.

பெரியண்ணையின் ஒன்பதாவது வரி இப்படித் தொடங்கியது: ‘ஷி இஸ் சர்வைவ்ட் பை’. இறந்தவருக்குப் பின் உயிரோடு இருக்கிறவர்களைச் சொல்ல ஆங்கிலப் பத்திரிகைகள் வழமையாகப் போடுகிற தொடர். அதன் பின்னால் கணவர், மூன்று பிள்ளைகள், ஐந்து பேரப்பிள்ளைகள் என்று இருந்தது.

மூன்று பிள்ளைகள். நான் முதல் வாசிப்பிலேயே அதில் நின்றேன்.

அம்மாவுக்கு நாங்கள் நாலு பேர். பெரியண்ணை, அக்கா, சின்னண்ணை, நான். நான் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த வருடம், தெற்குப் பக்கம் வேலைக்குப் போவதாகச் சொல்லி சின்னண்ணை வீட்டிலிருந்து புறப்பட்டார். மூன்றாம் நாள் காலையில் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தார். தான் அவுஸ்திரேலியாவுக்குப் படகில் ஏறப்போவதாகச் சொன்னார். “போய்ச் சேந்த உடனை கோல் எடுப்பன், அம்மா. நம்பரை மாத்திப் போடாதேங்கோ” என்றார். அவ்வளவுதான். பன்னிரண்டு வருடம்.

அம்மா நம்பரை மாற்றவில்லை. அந்தப் பழைய போன் சாமித்தட்டுக்குக் கீழே மேசையில் எப்போதும் சார்ஜில் இருக்கும். மாதம் ஒருமுறை காசு போட்டு ரீலோட் செய்வார். ஊரில் யாராவது கேட்டால், “அவுஸ்திரேலியாவிலை நிக்கிறான். பேப்பர் இன்னும் சரிவரேல்லை. அதாலைதான் கதைக்கிறேல்லை” என்பார். கேட்டவர்களும் தலையாட்டிவிட்டு வேறு கதைக்குப் போய்விடுவார்கள். நாளடைவில் ஊருக்கும் அது பழகிவிட்டது.

பெரியண்ணையின் பக்கத்தை நான் தாளில் அச்செடுத்து அப்பாவிடம் கொடுத்தேன். அப்பா தபால் கந்தோரில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆங்கிலத்தில் அவருக்குப் பெரிய பிடிமானம். ஊரில் எந்தக் கலியாணக் கார்ட்டும் அவருடைய சிவப்புப் பேனைக்குத் தப்பாது. வீட்டுக்கு வந்த கார்ட்டை முதலில் திருத்திவிட்டுத்தான் திகதியைப் பார்ப்பார். அம்மாவுக்கு அது எரிச்சல். “நான் செத்தாலும் என்ரை நோட்டீசைத் திருத்திப்போட்டுத்தான் உந்த மனிசன் அழும்” என்று பல தடவை சொல்லியிருக்கிறார்.

அப்பா விறாந்தையில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து வாசித்தார். ஒன்பதாவது வரியில் பேனை நின்றது.

“உதை எழுதினது ஆர்?”

“பெரியண்ணை.”

“படிச்சவன் எழுதுற இங்கிலீசே உது?”

அந்தத் தொடரின் கீழ் இரண்டு கோடு இழுத்தார். பக்கத்தில் குறிப்பு எழுதினார். நான் அதைப் படம் எடுத்துக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டேன். அடுத்த ஐந்து நாளும் அதுவே எங்கள் முறையாக இருந்தது. அப்பா தாளில் எழுதுவார், நான் படம் எடுத்துப் போடுவேன். பெரியண்ணையும் அக்காவும் குரல் செய்தி அனுப்புவார்கள். நான் வேலைக்குப் புறப்படுவதற்கு முன், காலை ஐந்தரைக்கு, தேத்தண்ணி குடித்தபடி அப்பாவுக்குப் போட்டுக் காட்டுவேன்.

அப்பாவின் வாதம் இதுதான். ‘சர்வைவ்’ என்றால் தப்பிப் பிழைப்பது. வெள்ளத்தில் தப்பலாம், நோயில் தப்பலாம். ஓர் ஆளிலிருந்து எப்படித் தப்புவது?

“உங்கடை அம்மா என்ன சூறாவளியோ? அவவிட்டையிருந்து நீங்கள் எல்லாரும் தப்பிப் பிழைச்சனீங்களோ?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா போன பிறகு வீட்டில் வந்த முதல் சிரிப்பு. அப்பாவும் சிரித்தார். பிறகு அம்மாவின் அறைப் பக்கம் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

பெரியண்ணை பதில் அனுப்பினார். “அப்பா, இஞ்சை எல்லாப் பேப்பரிலையும் உப்பிடித்தான் போடுறவை. ஒருத்தரும் இலக்கணம் பாக்கிறேல்லை. வழக்கத்திலை வந்தாச் சரிதானே.”

“பேப்பர்காரன் பிழை விட்டா நானும் விட வேணுமே?” அப்பா இதையும் ஆங்கிலத்தில் எழுதித் தந்தார். கூடவே இரண்டாவது ஆட்சேபம். செத்த ஆளைப் பற்றிச் சொல்லும்போது ‘இஸ்’ எப்படி வரும்? ‘வாஸ்’ அல்லவா வர வேண்டும்?

“இருக்கிற ஆக்கள் இப்பவும் இருக்கினம், அப்பா. அதாலைதான் ‘இஸ்’.”

“வாக்கியத்தின்ரை எழுவாய் உன்ரை கொம்மா. நீங்கள் இல்லை.”

மூன்றாம் நாள் அக்கா நடுவில் வந்தார். “ரெண்டு பேரும் கோட்டிலை வழக்குப் பேசுற மாதிரிப் பேசுறியள். ‘லீவ்ஸ் பிஹைண்ட்’ எண்டு போட்டா முடிஞ்சுதே. இவரிவரை விட்டிட்டுப் போனவ எண்டு. இலக்கணமும் சரி, எல்லாருக்கும் விளங்கும்.”

அப்பா தலையாட்டினார். அது அவருக்கும் பிடித்திருந்தது. சிவப்புப் பேனையால் ‘சரி’ என்று போட்டார். பிரச்சினை முடிந்தது என்று நினைத்தேன்.

பெரியண்ணையின் பதில் அரை நாள் கழித்து வந்தது. வாகனத்துக்குள்ளிருந்து பேசியிருக்க வேண்டும், பின்னால் வைப்பர் அடிக்கும் சத்தம் கேட்டது. “அம்மா எங்களை விட்டிட்டுப் போகேல்லை. நாங்கள்தான் அவவை விட்டிட்டு வந்தனாங்கள். நான் உதைப் போட மாட்டன்.”



எனக்கு அந்த ஐந்து நாளும் ஒரு விசித்திரம் விளங்கிக்கொண்டே இருந்தது. எல்லோரும் அந்தத் தொடரில் நின்றார்கள். அதே வரியில் கொஞ்சம் தள்ளி இருந்த எண்ணிக்கையில் ஒருவரும் நிற்கவில்லை. அப்பாவின் கண்ணுக்கு அது தப்பியிருக்காது. ஒரு முற்றுப்புள்ளி விடுபட்டாலே கண்டுபிடிக்கிறவர். பெரியண்ணை அதைக் கவனமில்லாமல் எழுதியிருக்க மாட்டார். அக்காவும் வாசித்திருப்பார். நான் உட்பட நாலு பேரும் அதைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தோம்.

எண்ணிக்கை முதலில் வெளியே வந்தது செத்தவீட்டு அன்றுதான். எங்களிடம் தகப்பனுக்கு மூத்த மகனும் தாய்க்கு இளைய மகனும் கொள்ளி வைக்க வேண்டும். முற்றத்தில் கிரியை தொடங்குமுன் ஐயர் கேட்டார்:

“தாய்க்குச் செய்யிறது இளையவர். இளைய மகன் ஆர்? முன்னுக்கு வாங்கோ.”

பந்தலுக்குள் இருந்த எல்லோருக்கும் விடயம் தெரியும். இரண்டு விமானம் மாறி, கண் சிவந்து, அன்று விடியத்தான் வந்து சேர்ந்திருந்த பெரியண்ணை ஓரடி முன்னே வந்தார்.

“ஒரே மகன்தான், ஐயா. நான்தான்.”

அப்பா தூணோடு நின்றார். தோளில் கிடந்த சால்வையை எடுத்து உதறி மற்றத் தோளில் போட்டார்.

நான் பட்டியல் பக்கத்தைத் தயாரிக்க உட்கார்ந்தது இருபதாம் நாள். கல்வெட்டுப் பட்டியலுக்கு ஒரு முறை இருக்கிறது. உயிரோடு இருப்பவருக்குப் பெயரும் நாடும். இல்லாதவருக்குப் பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’. மூன்றாவது வகை கிடையாது. வீட்டில் இருந்த பழைய கல்வெட்டுகளை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். பதினேழு இருந்தன. ஒன்றில்கூட மூன்றாவது வகையைக் காணவில்லை.

ஆய்வுகூடத்தில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பதிவில் ஒரு நோயாளியின் பெயர் இருக்கும், இரத்தக் குழாய் மட்டும் வந்து சேர்ந்திருக்காது. வார்டிலிருந்து வரும் வழியில் எங்கோ நின்றிருக்கும். அப்போது அந்த வரியை அழிக்கக்கூடாது. ஊகித்து ஒரு முடிவும் எழுதக்கூடாது. வரி அப்படியே இருக்க, முடிவுக்குரிய இடம் வெறுமையாக இருக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே எங்களுக்குள் ஊறிப்போகிற விதி அது. அம்மாவின் இரத்தத்தையும் கடைசி இரண்டு வருடம் நான்தான் சோதித்தேன். சிறுநீரகத்தின் அளவுகள் ஏறிக்கொண்டு போனதைத் திகதி வாரியாக ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தேன். ஒரு தடவைகூட ஒரு தசமத்தைக் குறைத்து எழுதவில்லை. அம்மா கேட்டால் மட்டும், “பரவாயில்லை, அம்மா” என்பேன். வாயால் சொல்வது வேறு, எழுதுவது வேறு என்று அப்போது நினைத்திருந்தேன்.

ஆகவே நான் இப்படிப் போட்டேன். மூத்த மகன் பெயர், அடைப்புக்குறிக்குள் கனடா. மகள் பெயர், லண்டன். இளைய மகன் பெயர். இளைய மகள் பெயர், சுன்னாகம். சின்னண்ணையின் பெயருக்கு முன்னாலும் ஒன்றுமில்லை, பின்னாலும் ஒன்றுமில்லை.

அதைக் குழுவில் போட்ட மறுநாள் காலை பெரியண்ணை எனக்குத் தனியாகத் தொலைபேசி எடுத்தார். நான் அடுப்படியில் பாணுக்குச் சம்பல் இடித்துக்கொண்டிருந்தேன். கை ஈரம். போனை மேசையில் வைத்துச் சத்தமாகப் போட்டேன்.

“தங்கச்சி, அவன்ரை பேருக்கு முன்னாலை ‘காலஞ்சென்ற’ எண்டு போடு.”

நான் உலக்கையை வைத்துவிட்டேன். “எங்களுக்குத் தெரியாதே, அண்ணை.”

“எனக்குத் தெரியும். நான் எழுதாத இடமில்லை. முகாம், செஞ்சிலுவைக்காரர், கப்பல்காரர், வக்கீல்மார். முப்பது, நாப்பது இடம். எல்லாரும் ஒரே பதில். அந்தப் பேரிலை ஒருத்தரும் வந்து சேரேல்லை. அந்தப் படகிலை ஏறின ஒருத்தற்றை வீட்டுக்கும் கோல் வரேல்லை. எல்லாக் கடிதமும் இஞ்சை ஒரு பெட்டிக்குள்ளை கிடக்கு. அம்மாவுக்கு ஒண்டையும் காட்டேல்லை.”

“ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?”

“என்னெண்டு சொல்லுறது? அவ ஒவ்வொரு முறையும் கேப்பா, ‘தம்பீன்ரை விசயம் ஏதும்?’ எண்டு. இன்னும் பாக்கினம், அம்மா எண்டுவன். பன்னிரண்டு வருசம் நான் பொய் சொன்னனான். இனி ஆருக்கு?”

அவர் குரல் இறங்கியது.

“அவனுக்கு ஒரு பிண்டம் வைக்க ஆள் இல்லை, பிள்ளை. கீரிமலையிலை அம்மாவுக்குச் செய்யேக்கை அவனுக்கும் சேத்துச் செய்வம். ஐயரோடை நான் கதைச்சிட்டன். பேரைப் போட்டு, செய்யிறதைச் செய்து, அவனை அனுப்பி வைப்பம். எத்தினை வருசம் அவன் நடுக்கடலிலை நிக்கிறது?”

அடுப்படி வாசலில் நிழல் விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். அப்பா. கையில் தேத்தண்ணிக் கோப்பை. எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியாது. போனைத் தூக்கப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். கோப்பையைக் கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டு விறாந்தைக்குப் போனார்.

நான் சம்பலை முடித்து வெளியே வந்தபோது, அப்பா பெரியண்ணையின் பக்கத்தை மடியில் வைத்திருந்தார். சிவப்புப் பேனை கையில். ஐந்து நாளாகச் சேர்ந்த கோடுகளாலும் குறிப்புகளாலும் அந்தத் தாளில் இடமே இல்லை. புதிதாக ஒன்று அச்செடுத்துத் தரச் சொன்னார். என்னிடம் ஒரு பிரதி இருந்தது, கொடுத்தேன்.

‘ஷி இஸ் சர்வைவ்ட் பை’ என்ற இடத்தை அவர் பேனை தாண்டிப் போனது. தொடவில்லை. ‘மூன்று’ என்று இருந்த ஆங்கிலச் சொல்லை ஒரு கோட்டால் வெட்டி, மேலே ‘நாலு’ என்று எழுதினார். திருத்தத்துக்குப் பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தார். கந்தோரில் ஒரு எண்ணைத் திருத்தினால் அப்படித்தான் செய்ய வேண்டும் என்பார்.

“இதை அனுப்பு.”

“மற்றது, அப்பா? அந்த வசனம்?”

“அது பிழைதான். கிடக்கட்டும். அவன் எழுதினபடியே கிடக்கட்டும்.” தாளை என்னிடம் நீட்டியபோது சொன்னார்: “அந்தச் சொல்லை நான் பேப்பரிலை கன தரம் வாசிச்சிட்டன், பிள்ளை. அந்த வருசம் முழுக்க. படகு எண்டு எங்கை போட்டிருந்தாலும் அடுத்த வரியிலை அந்தச் சொல்லு வரும். தப்பினவை ஒருத்தரும் இல்லையெண்டு. அம்மாவுக்கு இங்கிலீசு தெரியாதது நல்லதாப் போச்சு.”

இருபது வருடப் பழைய கலியாணக் கார்ட்டில் இருந்த பிழையை இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிற மனிதர், தெரிந்துகொண்டே ஒரு பிழையை விட்டது அந்த ஒரு தடவைதான். பதிலுக்கு ஒரு எண்ணை வாங்கிக்கொண்டார்.

படத்தைக் குழுவில் போட்டேன். பெரியண்ணை பார்த்துவிட்டதாகக் காட்டியது. அன்று மாலை ஒரே ஒரு சொல் வந்தது. “சரி.”

பக்கங்களைப் பென்டிரைவில் போட்டு அச்சகத்தில் கொடுத்தேன். சுன்னாகம் சந்தைக்குப் பின்பக்கம், வெங்காய மூட்டைகளைத் தாண்டிப் போக வேண்டும். அச்சகக்காரர் ஐம்பது வயதுக்காரர், வாரத்துக்கு நாலைந்து கல்வெட்டு அடிப்பவர். ஊரில் எந்த வீட்டுப் பிள்ளை எந்த நாட்டில் என்பது அவருக்கு மனப்பாடம். இருபத்தொன்பதாம் நாள் வேலை முடிந்து பஸ்ஸால் இறங்கி வாங்கப் போனேன். கட்டுகளாகக் கட்டி வைத்திருந்தார். மேலே இருந்த ஒன்றை எடுத்துப் பட்டியல் பக்கத்தைப் புரட்டினேன்.

இளைய மகன் பெயர். அடைப்புக்குறிக்குள் அவுஸ்திரேலியா.

“இது நான் தந்ததிலை இல்லையே” என்றேன்.

“நீங்கள் விட்டிட்டியள், தங்கச்சி. மற்ற எல்லாருக்கும் நாடு கிடக்கு, இவருக்கு மட்டும் இல்லை. வந்த சனம் பாத்திட்டு என்ரை பிழையெண்டு சொல்லுமெல்லே. எனக்குத் தெரியும்தானே எந்த நாடெண்டு. எண்டாலும் ஒருக்காக் கேட்டிட்டுப் போடுவமெண்டு வீட்டுக்குக் கோல் எடுத்தனான். அப்பாதான் கதைச்சவர்.”

“என்ன சொன்னவர்?”

“‘அவுஸ்திரேலியா எண்டு போடும்’ எண்டார். ஏன், பிழையோ?”

வெளியே ஒரு லொறியிலிருந்து வெங்காய மூட்டைகள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு மூட்டைக்கும் ஒருவன் சத்தமாக எண்ணிக்கை சொன்னான். நான் புத்தகத்தை மூடினேன்.

“இல்லை. சரிதான்” என்றேன்.

அந்தப் பக்கத்தின் படம் குழுவுக்குப் போனதும் பெரியண்ணை தொலைபேசி எடுத்தார். “உதை ஆர் போட்டது?”

“அப்பா.”

அவருடைய மகள் பின்னால் ஏதோ ஆங்கிலத்தில் கேட்டாள். அவர் அவளுக்கு ஏதோ சொன்னார். பிறகு எனக்கு, “விடு, தங்கச்சி. அப்பா இருக்குமட்டும் இருக்கட்டும்” என்று வைத்துவிட்டார். அவருடைய பெட்டிக்குள் கிடக்கும் நாற்பது கடிதங்களை நினைத்தேன். அவற்றை இனியும் அவர் தனியாகத்தான் வைத்திருக்க வேண்டும்.

முப்பத்தோராம் நாள் கீரிமலையில் கிரியையை அப்பாவே செய்தார். ஈர வேட்டியோடு தர்ப்பை வாங்க இருந்தபோது ஐயர் குனிந்து, “கனடாவிலை இருந்து மகன் கோல் எடுத்தவர். ரெண்டு பேருக்குச் செய்ய வேணுமெண்டு சொன்னவர்” என்றார்.

“ஒராளுக்குத்தான், ஐயா” என்றார் அப்பா. “என்ரை மனிசிக்கு மட்டும்.”

ஐயர் கொண்டுவந்திருந்த இரண்டாவது வாழையிலையை மடித்துக் கூடைக்குள் வைத்தார். நான் கொஞ்சம் தள்ளி, செம்போடு நின்றேன். கடலை நேரே பார்க்காமல் இருக்கக் கீரிமலையில் இடம் கிடையாது. எங்கே திரும்பினாலும் அதுதான்.

வீட்டில் மத்தியானச் சாப்பாடு. என் பட்டியலில் இருந்த எல்லா வேலையும் ஒவ்வொன்றாக முடிந்தது. பந்தி மூன்று. கல்வெட்டு குறைவில்லை. அக்காவுக்குக் காணொளியில் காட்டியாயிற்று. மூன்றாவது பந்தி முடியும் நேரம், சாவகச்சேரியிலிருந்து ஒரு மாமி வந்தார். அம்மாவோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர், காலில் ஏலாது, செத்தவீட்டுக்கு வர முடியாமல் போனவர். அப்பா கதிரை போட்டுக் கொடுத்து, பக்கத்தில் இருந்தார். நான் அவருக்கு இலை போட்டேன்.

மாமி சாப்பிடுமுன் கல்வெட்டை வாங்கினார். எல்லோரையும்போல் பட்டியலுக்குத்தான் போனார். விரலை வைத்து வாசித்தார்.

“பாத்தியே, சின்னவன் அவுஸ்திரேலியாவிலை. கொம்மா எனக்கு எப்பவும் சொல்லுறவ. பேப்பர் கிடைச்சிட்டுதே இப்ப?”

“ஓம்” என்றார் அப்பா.

“பிறகேன் வரேல்லை? தாயின்ரை காரியமெல்லே. இளையவன் செய்ய வேண்டியது.”

“லீவு குடுக்கேல்லையாம்.”

“அங்கத்தைச் சனமும் சனமே” என்று மாமி நொந்துகொண்டார். “அங்கை எந்த இடத்திலை இருக்கிறான்? என்ரை பெறாமகளும் அங்கைதான். சொன்னா ஒருக்காப் போய்ப் பாப்பாள்.”

ஒரு நாட்டின் பெயரை அடைப்புக்குறிக்குள் போடும்வரைதான் அப்பா யோசித்திருக்க வேண்டும். அதற்குள்ளே ஊர் இருக்கும், தெரு இருக்கும், பார்க்க வருகிற ஆட்கள் இருப்பார்கள் என்று நினைத்திருக்க மாட்டார். அவருடைய கை மடியில் எதையோ தேடியது. பேனை அங்கே இல்லை. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“பேர்த், மாமி” என்றேன். “பேர்த்திலை இருக்கிறார். உங்கடை பெறாமகள் எவடம்?”

“அவள் சிட்னி.”

“அது கன தூரம். அஞ்சு மணித்தியாலம் பிளேனிலை போக வேணும். இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும்.”

“அப்பிடியே.” மாமி ஏமாந்துபோனார். சோற்றைப் பிசைந்தபடி கேட்டார், “குளிரே அங்கை?”

“இல்லை. எங்கடை வெயில் மாதிரித்தானாம். கடல் கிட்டவாம்.”

“நல்லது. சுகமா இருக்கட்டும்” என்றார் மாமி.

நான் சாம்பார் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தேன். மேசையில் அம்மாவின் பழைய போன் சார்ஜில் கிடந்தது. அம்மா போன பிறகு யார் அதைப் பார்க்கிறார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. பொத்தானை அழுத்தினேன். பற்றரி நிறைந்திருந்தது. பத்து நாளுக்கு முன் யாரோ ரீலோட் செய்த குறுஞ்செய்தி திரையில் இருந்தது.

வெளியே மாமி அப்பாவிடம், “அவன் கோல் எடுத்தா நான் கேட்டதெண்டு சொல்லுங்கோ” என்றார்.

“ஓம்” என்றார் அப்பா. “சொல்லுறன்.”